முதல் இடத்தில் எந்தப் பள்ளியை எழுதுவது? நியூயார்க் உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கை: ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரத்தில் 8ஆம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அடுத்த வருடம் எந்தப் பள்ளி என்பது தானாக முடிவாகிவிடாது. அங்கே உயர்நிலைப்பள்ளி என்பது 9 முதல் 12ஆம் வகுப்பு வரை. அரசுப் பள்ளிகள்தான், கட்டணம் கிடையாது. ஆனாலும் விண்ணப்பிக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் குடும்பம் உட்கார்ந்து, பிடித்த பள்ளிகளை வரிசையாக எழுதிக் கொடுக்கும். வசந்த காலத்தில் முடிவு வரும். ஒவ்வொரு வருடமும் 80,000 முதல் 90,000 பிள்ளைகள் இப்படி நகரம் முழுவதும் பரவியிருக்கும் 500க்கும் மேற்பட்ட பிரிவுகளுக்குப் போட்டி போட்ட காலத்தில், அதாவது 2003இல், இந்தச் சேர்க்கை முறை வேரோடு மாற்றப்பட்டது.

அந்த மாற்றத்தைப் பொருளியல் அறிஞர்களின் வெற்றி என்று சொல்வதுதான் வழக்கம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது பெற்றோர் பக்கம். படிவத்தில் நமக்கு உண்மையாகவே பிடித்த வரிசையை எழுதினால் பிள்ளைக்கு நஷ்டம் வருமா, வராதா? பழைய முறையில் வரும். புதிய முறை அந்த ஒன்றைச் சரிசெய்தது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்யவில்லை, சரிசெய்யவும் முடியாது.

பழைய முறை

பழைய முறையில் மாணவர் 5 பிரிவுகள் வரை எழுதலாம். ஒரே பள்ளிக்குள் பல பிரிவுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் சேர்க்கை தனி. எழுதிய பட்டியலின் நகல் அதில் உள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் போகும். குழப்பத்தின் வேர் இங்கேதான். தங்களை அந்தப் பிள்ளை எத்தனையாவது இடத்தில் எழுதியிருக்கிறது என்பது பள்ளிக்குத் தெரியும். முதல் இடத்தில் எழுதியவர்களை மட்டும்தான் எடுப்போம் என்ற பள்ளிகளும் இருந்தன. பள்ளியின் பக்கமிருந்து பார்த்தால் அதுவும் நியாயமாகவே தோன்றும்: நம்மை விரும்பி வருபவர்களுக்குத்தானே இடம் தர வேண்டும்?

வீட்டில் இது எப்படி வேலை செய்தது என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்கு மிகவும் பிடித்தது எல்லோரும் மோதும் பள்ளி. இரண்டாவதாகப் பிடித்தது ஓரளவு எட்டக்கூடிய பள்ளி. உண்மையை எழுதினால் முதலாவதில் இடம் கிடைக்காது. இரண்டாவது பள்ளி, ‘எங்களை இரண்டாவதாகத்தானே எழுதினாய்’ என்று ஒதுக்கிவிடும். பொய் எழுதி, இரண்டாவதை முதலில் வைத்தால் இடம் உறுதி. ஆனால் முதலாவதில் ஒருவேளை கிடைத்திருக்குமோ என்ற கேள்வி கடைசிவரை போகாது. பள்ளிகளின் அதிகாரப்பூர்வக் கையேடே, 2002-03 பதிப்பில், பள்ளிகளை வரிசைப்படுத்தும்போது அந்தப் பிரிவில் இடத்துக்கு எவ்வளவு போட்டி என்று கணித்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னது. உண்மையை எழுதாதே, கணக்குப் போட்டு எழுது என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போடத் தெரிந்த, விசாரிக்க ஆள் இருந்த குடும்பங்களுக்கு அது சரி. இரண்டு வேலை பார்த்துக்கொண்டு, ஆங்கிலமும் முழுதாகக் கைவராத பெற்றோர் எதை வைத்துக் கணக்குப் போடுவார்கள்?

அப்புறம் கடிதங்கள். பள்ளிகள் தனித்தனியாக முடிவெடுத்து, சேர்த்துக்கொள்கிறோம், காத்திருப்பில் வைக்கிறோம், இல்லை என்று பதில் அனுப்பின. ஒரு பிள்ளை ஓர் இடத்தை ஏற்றுக்கொண்டு, இன்னொரு பள்ளியின் காத்திருப்பிலும் நிற்கலாம். பதில்கள் வந்ததும் காலியான இடங்களுக்கு அடுத்த சுற்று, அதன் பிறகு இன்னொன்று. மொத்தம் மூன்றே சுற்றுகள். முதல் சுற்றில் சுமார் 50,000 பேருக்கு இடம் கிடைத்தது. அவர்களில் ஏறத்தாழ 17,000 பேரின் கையில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள். அவர்கள் யோசித்து ஒன்றை விட்டு, அது அடுத்தவருக்குப் போய், அவர் யோசித்து முடிப்பதற்குள் மூன்று சுற்றுகளும் தீர்ந்துவிடும். முடிவில் சுமார் 30,000 பிள்ளைகள் தாங்கள் எழுதவே எழுதாத பள்ளிக்கு நிர்வாகத்தால் அனுப்பப்பட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு!

இதற்கு மேல் ஒரு மறைமுகக் கணக்கும் ஓடியது. நல்ல பெயருள்ள பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் இருக்கும் இடங்களை முழுதாகக் காட்டவில்லை. 100 பேரை எடுக்கப்போகும் பள்ளி 40 இடம் என்று அறிவித்துவிட்டு, மீதி 60ஐத் தனியாக நிரப்பிக்கொள்ளும். பிற்பாடு இதை மாநகரக் கல்வித் துறையின் உயர் அதிகாரி ஒருவரே பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். தலைமையாசிரியர்களை வில்லன்களாக்கத் தேவையில்லை. மையப்படுத்திய முறை நல்ல மாணவர்களைத் தங்களிடம் அனுப்பாது என்று அவர்கள் நினைத்தார்கள். ஆனால் அந்த 60 இடங்களும் யாருக்குப் போயிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்: பள்ளி வாசலுக்கு நேரில் வந்து கேட்கத் தெரிந்தவர்களுக்கு.

2003இல் நடந்தது

2002இல் மாநிலச் சட்டத்தின் மூலம் பள்ளிகளின் நிர்வாகம் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கல்வித் துறைத் தலைவராக ஜோயல் க்ளைன் நியமிக்கப்பட்டார். பெரிய உயர்நிலைப்பள்ளிகளை உடைத்து நிறையச் சிறிய பள்ளிகளைத் திறப்பது அவர்களது திட்டம். பள்ளிகள் பெருகப் பெருக, தேர்ந்தெடுக்கும் முறையும் தாங்க வேண்டும். பழைய முறை தாங்காது.

2003 மே மாதம் கல்வித் துறை அதிகாரி ஒருவர், அப்போது ஹார்வர்டில் இருந்த பொருளியல் அறிஞர் ஆல்வின் ராத்தைத் தொலைபேசியில் அழைத்தார். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் முடித்தவர்களை எந்த மருத்துவமனையில் பயிற்சிக்கு எடுப்பது என்பது 1952 முதல் ஒரு மைய ஏற்பாட்டின் வழியாக முடிவாகிறது. அதை 1990களில் திருத்தியமைத்தவர் ராத். அதே முறை பள்ளிகளுக்கும் பொருந்துமா என்பதுதான் கேள்வி. ராத், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த அதிலா அப்துல்காதிரோலுவையும், தன்னிடம் ஆய்வு மாணவராக இருந்த பராக் பாதக்கையும் சேர்த்துக்கொண்டார். சில மாதங்களில் வடிவமைப்பு தயார். 2004 இலையுதிர் காலத்தில் 9ஆம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் புதிய முறையில் வந்தவர்கள்.

அடிப்படைச் சிந்தனை புதிது அல்ல. டேவிட் கேல், லாய்ட் ஷேப்லி இருவரும் 1962இல் எழுதிய சில பக்கக் கட்டுரையில் அது இருக்கிறது. ஷேப்லியும் ராத்தும் 2012இல் பொருளியல் நோபல் பெற்றார்கள். கேல் 2008இலேயே காலமாகியிருந்தார்.

இயந்திரத்துக்குள்ளே

எல்லோரையும் ஒரே தரவரிசையில் நிறுத்த முடிந்தால் வேலை சுலபம்: முதல் ஆளைக் கூப்பிடு, பிடித்ததை எடுக்கச் சொல், அடுத்த ஆளைக் கூப்பிடு. நியூயார்க்கில் அது முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு பள்ளிக்கும் வரிசை வேறு. ஒன்று மதிப்பெண் பார்க்கும், இன்னொன்று ஓவியத்தையோ இசையையோ பார்க்கும், வேறொன்று அருகில் வசிப்பவருக்கு முன்னுரிமை தரும், மற்றொன்று குலுக்கலில் விடும்.

மூன்று பிள்ளைகள், மூன்று பள்ளிகள், பள்ளிக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்வோம். மரியாவுக்கும் டேவிடுக்கும் பிடித்த வரிசை ஒன்றே: வடக்குப் பள்ளி, தெற்கு, கிழக்கு. லீனாவுக்கு தெற்கு, வடக்கு, கிழக்கு. வடக்குப் பள்ளியின் வரிசை: லீனா, மரியா, டேவிட். தெற்குப் பள்ளியின் வரிசை: டேவிட், லீனா, மரியா. கிழக்கு யார் வந்தாலும் ஏற்கும்.

முதலில் எல்லோரும் தங்கள் முதல் விருப்பத்துக்குப் போகிறார்கள். வடக்கில் மரியாவும் டேவிடும். வடக்கு மரியாவைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு டேவிடை அனுப்பிவிடுகிறது. தெற்கில் லீனா மட்டும், அவளும் தற்காலிகமாகத்தான். டேவிட் அடுத்து தெற்குக்குப் போகிறான். தெற்கின் வரிசையில் அவன் லீனாவுக்கு மேல், ஆகவே லீனா வெளியே. லீனா வடக்குக்குப் போகிறாள். அங்கே அவள் மரியாவுக்கு மேல், ஆகவே மரியா வெளியே. மரியா தெற்குக்குப் போகிறாள், அங்கே டேவிடுக்குக் கீழே, இடமில்லை. கடைசியில் கிழக்கில் சேர்கிறாள். இனி யாரும் நகரவில்லை. இப்போதுதான் இடங்கள் உறுதியாகின்றன.

‘தற்காலிகமாக’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டேவிட் வடக்கை முதலில் எழுதித் தோற்றான், ஆனால் தெற்கில் அவனுக்கிருந்த வாய்ப்பு அதனால் கொஞ்சமும் குறையவில்லை. லீனா தெற்கை முதலில் எழுதியிருந்தும் அவளுக்கு அங்கே கூடுதல் உரிமை எதுவும் கிடைக்கவில்லை. முதல் இடத்தில் எழுதுவதற்குப் பரிசும் இல்லை, எழுதித் தோற்பதற்குத் தண்டனையும் இல்லை. அதனால் உண்மை வரிசையை மாற்றி எழுதி எந்த மாணவரும் இதைவிட நல்ல இடத்தைப் பெற முடியாது. 1980களின் தொடக்கத்திலேயே கணித ரீதியாக நிறுவப்பட்ட முடிவு இது. கூடவே, பிள்ளை தன்னை எத்தனையாவதாக எழுதியது என்பதைப் பள்ளிக்குக் காட்டுவதும் நிறுத்தப்பட்டது.

அதே மூன்று பேரையும் பாஸ்டனில் அப்போதிருந்த முறையில் விட்டால் கதை வேறு. அங்கே முதல் சுற்றில் கிடைத்த இடம் அப்போதே உறுதி. வடக்கு மரியாவுக்கு, தெற்கு லீனாவுக்கு, முடிந்தது. தெற்குப் பள்ளியின் வரிசையில் முதலிடத்தில் இருந்த டேவிட், தெற்கை இரண்டாவதாக எழுதிய ஒரே காரணத்தால் கிழக்குக்குப் போவான். விவரம் தெரிந்த பெற்றோர் அவனிடம் ‘தெற்கை முதலில் எழுது’ என்று சொல்லியிருப்பார்கள். பாஸ்டனில் பெற்றோர் குழுக்கள் கூடி உட்கார்ந்து இந்த மாதிரி யோசனைகளைத்தான் பரிமாறிக்கொண்டன. உண்மையை எழுதும் குடும்பங்கள் இதில் ஏமாறுகின்றன என்ற வாதம் எடுபட்டு, 2005 ஜூலையில் பாஸ்டன் பள்ளிக் குழு அந்த முறையைக் கைவிட்டது. இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டுச் சேர்க்கை விதித்தொகுப்பு, முதல் விருப்பமாக எழுதியவருக்கே முதலிடம் என்ற நடைமுறையை நாடு முழுவதும் தடை செய்தது. சிகாகோவில் 2009இல் விண்ணப்பங்களை வாங்கி முடித்த பிறகு நடுவழியில் முறையை மாற்றி, மறுபடி வரிசைப்படுத்தித் தரச் சொன்னார்கள்.

நம் உதாரணத்துக்குத் திரும்பினால், ஒரு சங்கடமும் கண்ணில் படும். முடிவில் லீனா வடக்கில், டேவிட் தெற்கில். இருவருக்கும் மற்றவரின் இடம்தான் அதிகம் பிடித்தது. மாற்றிக்கொண்டால் இருவருக்கும் மகிழ்ச்சி, மரியாவுக்கும் நஷ்டமில்லை. ஏன் மாற்றக் கூடாது? மாற்றினால் வடக்கில் டேவிட் உட்கார்வான். வடக்கின் வரிசையில் அவனுக்கு மேலே இருக்கும் மரியா, ‘அவனுக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லையா?’ என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பள்ளியிடம் பதில் இருக்காது. இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். இப்படிக் கேள்வி கேட்க யாருக்கும் நியாயம் இல்லாத முடிவைத்தான் நியூயார்க் தேர்ந்தெடுத்தது. தலைமையாசிரியர்கள் இடங்களை ஒளித்துக்கொண்டு பின்வாசலில் ஆள் சேர்த்த வரலாறு உள்ள ஊரில் அது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். பள்ளி தனக்குப் பிடித்த பிள்ளையையும், பிள்ளை தனக்குப் பிடித்த பள்ளியையும் முறைக்கு வெளியே போய்ப் பிடிக்கும் தேவை அங்கேதான் குறைகிறது.

முதல் வருடம்

புதிய முறையில் பட்டியலில் 12 பிரிவுகள் வரை எழுத இடம் தரப்பட்டது. முதன்மைச் சுற்றில் 70,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் தாங்கள் எழுதிய பள்ளிகளில் ஒன்று கிடைத்தது. முந்தைய வருடத்தைவிட இது 20,000க்கும் மேல் அதிகம். மீதியிருந்தவர்களுக்கு இடம் காலியாக உள்ள பள்ளிகளின் பட்டியலைக் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார்கள், அதில் இன்னும் சுமார் 7,600 பேர். விரும்பி எழுதிய எதுவும் கிடைக்காமல் போனவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். 30,000 எங்கே, 3,000 எங்கே!

முறையீடுகளும் வந்தன, 5,000க்கும் மேல். அவற்றில் பாதியளவு ஏற்கப்பட்டன. இதில் எனக்குப் பிடித்த தகவல் ஒன்று உண்டு: முறையிட்டவர்களில் சுமார் 300 பேர் தங்கள் முதல் விருப்பமே கிடைத்தவர்கள். அக்டோபரில் முதலாவதாக எழுதிய பள்ளி மார்ச்சில் பிடிக்காமல் போகும். 13 வயதில் அது இயல்புதானே.

அடுத்தடுத்த வருடங்களில் முதல் விருப்பம் கிடைத்தவர்களின் எண்ணிக்கை இன்னும் ஏறியது. கணக்கிடும் முறை மாறவில்லை. பள்ளிகள் நம்பிக்கை வந்து ஒளித்து வைத்த இடங்களை வெளியே காட்டத் தொடங்கியதை வடிவமைத்தவர்கள் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

ஓட்டைகள்

உண்மையை எழுதலாம் என்பதற்கு அந்த வடிவமைப்பிலேயே சின்ன விதிவிலக்குகள் இருந்தன. எல்லாத் தரத்துப் பிள்ளைகளும் கலந்திருக்க வேண்டும் என்று ஒருவகைப் பிரிவுகள் உண்டு. வாசிப்புத் தேர்வில் மேல்தட்டிலிருந்து 16 சதவீதம், நடுவிலிருந்து 68, கீழிருந்து 16 என்று எடுக்க வேண்டும். அதில் பாதியைப் பள்ளி தேர்ந்தெடுக்கும், பாதி குலுக்கல். வாசிப்பில் முதல் 2 சதவீதத்தில் இருப்பவர் இந்த வகைப் பிரிவை முதலில் எழுதினால் இடம் உறுதி என்று பழைய சலுகை ஒன்று இருந்தது. அது அப்படியே தொடர்ந்தது. ஆக, மிகச் சிறந்த வாசகர்களுக்கு மட்டும் மறுபடியும் அந்தப் பழைய கேள்வி: உறுதியை எடுப்பதா, ஆசையை எழுதுவதா? 12 என்ற வரம்பும் அப்படித்தான். 12க்கு மேல் பிடித்த பிரிவுகள் உள்ளவர் எதை விடுவது என்று கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

குலுக்கலிலும் ஒரு விவாதம் நடந்தது. பல பள்ளிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே தகுதியில் நிற்பார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் தனிக் குலுக்கலா, பிள்ளைக்கு ஒரே எண் கொடுத்து அதையே எல்லாப் பள்ளிகளிலும் பயன்படுத்துவதா? தனித்தனிக் குலுக்கல்தான் நியாயம், ஓரிடத்தில் அதிர்ஷ்டம் இல்லாவிட்டாலும் இன்னோரிடத்தில் இருக்கலாமே என்று அதிகாரிகளுக்குத் தோன்றியது. கேட்டவுடன் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கணினியில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தபோது, ஒரே எண் கொடுத்தால் முதல் விருப்பம் கிடைப்பவர்கள் அதிகம் என்று தெரிந்தது. ஒரே எண் நின்றது. விலை என்ன என்றால், மோசமான எண் விழுந்த பிள்ளைக்குப் போகுமிடமெல்லாம் அதே எண்தான்.

இந்த எண் வெகுகாலம் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் நடக்காமல் போய், வடிகட்டி எடுக்கும் பள்ளிகளிலும் குலுக்கலின் பங்கு கூடியபோது, பெற்றோர் கேட்கத் தொடங்கினார்கள்: எங்கள் பிள்ளையின் எண் என்ன? 2022 வாக்கில் அது காட்டப்பட்டது. பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. 0 முதல் 9 வரை எண்களும் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் கலந்த 32 குறிகள் கொண்ட நீளமான சரம் அது. பதினாறின் அடிப்படையிலான எண்முறை. பயப்பட ஒன்றுமில்லை, முதல் குறியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 0இல் தொடங்கினால் மொத்தப் பிள்ளைகளில் முதல் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 6.25 சதவீதத்துக்குள். 8இல் தொடங்கினால் பாதியைத் தாண்டியாயிற்று. எழுத்தில் தொடங்கினால் பின்வரிசை. இதைக்கூடக் கணினி அறிவியல் படித்த பெற்றோர்தான் முதலில் புரிந்துகொண்டு மற்றவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

2022 இலையுதிர் காலத்தில் விதி மறுபடி மாறியது. அப்போதைய கல்வித் துறைத் தலைவர் டேவிட் பேங்க்ஸ், வடிகட்டி எடுக்கும் பள்ளிகளில் சராசரி 90க்குக் குறையாமல் மேல் 15 சதவீதத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதல் முன்னுரிமை என்று அறிவித்தார். குலுக்கல் அவர்களுக்குள்ளே. இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. அண்ணன் சேர்ந்த வருடத்து விதியை நம்பித் தங்கைக்குப் பட்டியல் எழுதுவது ஆபத்து.

நேரமும் தகவலும்

பட்டியலைக் கணக்கிடுவது நியாயமானாலும், பட்டியலை எழுதுவது வீட்டில்தான் நடக்கிறது. நியூயார்க்கின் பள்ளிக் கையேடு தொலைபேசி விவரக்கொத்துபோல 600 பக்கங்களைத் தாண்டி அச்சான காலம் உண்டு. அதைப் புரட்டிப் படித்து, பள்ளிகளை நேரில் போய்ப் பார்க்க நேரம் வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போய், பள்ளி நடத்தும் அறிமுகக் கூட்டத்துக்கு வந்து பெயர் பதிந்தவர்களுக்கு முன்னுரிமை தரும் பிரிவுகள் இருந்தன. மதிப்பெண் பார்க்காத பிரிவுகள்தான், பெயரளவில் எல்லோருக்கும் திறந்தவை. ஆனால் வேலைநாள் மாலையில் நகரத்தின் மறுமுனைக்குப் போய் வரக்கூடிய பெற்றோர் யார்? அந்த வழியையும் 2017இல் கைவிடுவதாக நகரம் அறிவித்தது. உண்மையை எழுதுவதற்கு அபராதம் போட்ட பழைய முறையும் இதுவும் என் கணக்கில் ஒரே வகைதான், வசூலிக்கும் நாணயம் மட்டும் வேறு.

பெற்றோர் எதை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள் என்று நியூயார்க்கின் இந்தப் பட்டியல்களையே எடுத்து அப்துல்காதிரோலு, பாதக் உள்ளிட்டோர் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். குடும்பங்கள் பார்ப்பது அங்கே ஏற்கெனவே யார் படிக்கிறார்கள் என்பதைத்தான். நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் சேரும் பள்ளி மேலே போகிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அந்தப் பள்ளி பிள்ளையை எவ்வளவு முன்னேற்றுகிறது என்பதற்கும் பெற்றோர் தரும் இடத்துக்கும் தொடர்பில்லை. பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. யார் படிக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும், எவ்வளவு கற்றுத்தருகிறார்கள் என்பது தெரியாது.

இதன் உச்சம் நுழைவுத்தேர்வுப் பள்ளிகள். ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்தான் நுழைவு என்பது 1971 முதல் மாநிலச் சட்டம். பிற்பாடு சேர்ந்தவற்றோடு இப்போது எட்டுப் பள்ளிகள். கலைகளுக்கான லாகார்டியா மட்டும் நேர்முகத் திறன்காட்டல் வழியாக எடுக்கிறது. 2019இல் ஸ்டைவசன்ட் 895 பேருக்கு இடம் அளித்தது, அதில் கறுப்பினப் பிள்ளைகள் 7 பேர். பிள்ளைகளையும் பள்ளிகளையும் இணைக்கும் கணக்கு எவ்வளவு நேர்த்தியானதானாலும் இந்த எண்ணை மாற்றாது. பள்ளியின் வரிசை எப்படித் தரப்பட்டதோ அதை அப்படியே மதிப்பதுதான் அதன் வேலை.

அந்தக் கதவு அவ்வளவு முக்கியமா என்பது வேறு கேள்வி. நியூயார்க், பாஸ்டன் தேர்வுப் பள்ளிகளில் கட்-ஆஃப் கோட்டுக்குச் சற்று மேலே நின்று உள்ளே போனவர்களையும், சற்றுக் கீழே நின்று வெளியே போனவர்களையும் ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு, பிற்காலத் தேர்வு மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. கோட்டுக்கு அருகில் இருப்பவர்களைப் பற்றித்தான் இந்த முடிவு பேசுகிறது. ஆனால் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தவறவிட்டு வீடே இழவு வீடாகும் குடும்பங்கள் அந்தக் கோட்டருகில்தானே இருக்கின்றன.

படிவம் நிரப்பும் வீட்டுக்கு

இந்த வகை இணைப்பு முறை உள்ள எந்த ஊரிலும் குடும்பம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் எத்தனையாவதாக எழுதினேன் என்பது என் வாய்ப்பைப் பாதிக்குமா? பாதிக்காது என்றால், பிடித்த வரிசையை அப்படியே எழுதலாம். கிடைக்காது என்று தோன்றும் பள்ளியையும் முதலில் எழுதலாம், அதனால் எதுவும் இழப்பதில்லை. பாதிக்கும் என்றால் அது வேறு விளையாட்டு, அங்கே விசாரிக்காமல் எழுதக் கூடாது.

வரிசையில் உண்மை என்பது ஒன்று, பட்டியலின் நீளம் என்பது இன்னொன்று. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ‘உண்மையை எழுதுங்கள்’ என்று கேட்டுவிட்டு, மிகவும் பிடித்த மூன்றை மட்டும் எழுதி நிறுத்துபவர்கள் உண்டு. மூன்றும் எல்லோரும் மோதும் பள்ளிகள் என்றால் மூன்றிலும் இடமில்லாமல் போகும், கணக்கு அதோடு நின்றுவிடும். குறைவாக எழுதினால் அந்த மூன்றில் வாய்ப்பு கூடும் என்ற நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை. பட்டியலின் அடிப்பகுதியில், பிள்ளை மனமொப்பிப் போகக்கூடிய, இடம் கிடைக்கும் சாத்தியமுள்ள இரண்டு மூன்று பள்ளிகள் இருக்க வேண்டும். அவை கீழே இருப்பதால் மேலே இருப்பவற்றுக்குத் தீங்கு இல்லை. போகவே மாட்டோம் என்பதை மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் கிடைத்துவிடும்.

முந்தைய வருடம் ஒரு பிரிவில் ஓர் இடத்துக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்ற எண்ணைப் பெற்றோர் ஆவலாகப் பார்ப்பார்கள். அதை வரிசையை மாற்றப் பயன்படுத்தக் கூடாது, நீளத்தை முடிவு செய்யப் பயன்படுத்தலாம். குலுக்கல் எண் முன்கூட்டியே தெரிந்தால் அதற்கும் அதே பயன்தான். 0இல் தொடங்கும் எண் உள்ளவர் குட்டையான பட்டியலோடு தப்பலாம். எழுத்தில் தொடங்கும் எண் உள்ளவர், குலுக்கலை நம்பாத பிரிவுகளையும், விண்ணப்பம் குறைவாக வரும் பிரிவுகளையும் தேடிக் கீழே சேர்க்க வேண்டும்.

முடிவு வந்த பிறகும் ஒரு கட்டம் உண்டு. 2020க்குப் பிறகு நியூயார்க்கில் இரண்டாம் சுற்றுக்குப் பதிலாகக் காத்திருப்போர் பட்டியல் வந்தது. கிடைத்த பள்ளிக்கு மேலே எழுதியிருந்த எல்லாப் பிரிவுகளின் காத்திருப்பிலும் பிள்ளையின் பெயர் தானாகச் சேர்ந்துவிடும், கீழே எழுதியவற்றில் சேராது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டாலும் காத்திருப்பில் இருக்கும் இடம் போகாது. ஆகவே ஏற்றுக்கொள்ளத் தயங்கி நாளைக் கடத்த வேண்டியதில்லை. வேறு பிரிவில் ஆர்வம் பிறந்தால் அதன் காத்திருப்பில் தனியாகப் பெயர் சேர்க்கலாம். வரிசை நகர்வது யாராவது தங்கள் இடத்தை விடும்போதுதான். தனியார் பள்ளிக்குப் போகிறவர்களும் ஊர் மாறுகிறவர்களும் சொல்லாமலே இருந்துவிட்டால் அது நகராது.